கடைசிப் பாடத்துல இருந்து ஆரம்பிங்க பாஸ்!

பிப்ரவரி வந்தாலே தெருவில் ஒரு மாற்றம் தெரியும். சாயங்கால கிரிக்கெட்டில் ரெண்டு பேட்ஸ்மேன் குறைவார்கள். மாடி வீட்டு ஆன்ட்டி சீரியல் சவுண்டைக் குறைப்பார். தலையணை சைஸ் கைடும் கையுமாக ப்ளஸ் டூ பசங்க மொட்டை மாடியில் நடை பழகுவார்கள். அப்படி நடக்கிறவர்களில் ஒருத்தர் என்றைக்காவது நம்ம வீட்டு வாசலில் வந்து நிற்பார். "அண்ணா, நீங்க இன்ஜினீயரிங்தானே? கெமிஸ்ட்ரி கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா?"

இன்ஜினீயரிங் படிச்சா எல்லாம் தெரியும்னு ஊரே நம்புது. நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாமே! சொந்தத் தம்பி தங்கையோ, பக்கத்து வீட்டுக் குட்டியோ, பாக்கெட் மணிக்காக எடுக்கிற டியூஷனோ... காலேஜ் மக்கள் பலபேர் இந்த சீஸனில் பார்ட் டைம் வாத்தியார் ஆகிறோம். கெமிஸ்ட்ரி நோட்டைத் திறந்ததும் பையன் கேட்கிற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "அண்ணா, இதுல எதெல்லாம் இம்பார்ட்டென்ட்?"

அங்கேதான் சிக்கல். ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரிக்கு ஃபார்முலா உண்டு, கணக்கு போட்டால் விடை வந்துவிடும். ஆனால் இனார்கானிக்கும் ஆர்கானிக்கும் பசங்க கண்ணுக்கு டெலிபோன் டைரக்டரி மாதிரி. எந்த ரியாக்‌ஷனுக்கு எந்த வினையூக்கி, எந்தப் பெயருக்கு எந்தப் பொருள் என்று வரிசையாக மனப்பாடம் செய்து, ரெண்டு வாரத்தில் வரிசை மாறி, ஹால் டிக்கெட் வாங்கும்போது ஹேபரும் ஹாஃப்மனும் ஒருத்தரா, ரெண்டு பேரா என்ற அளவுக்குக் குழம்பிப் போகிறார்கள்.

தமிழ்நாடு ப்ளஸ் டூ தியரி 70 மார்க். ஒரு மார்க் 15, ரெண்டு மார்க் 6, மூணு மார்க் 6, அஞ்சு மார்க் 5. ரெண்டு மார்க்கிலும் மூணு மார்க்கிலும் ஆளுக்கொரு கட்டாயக் கேள்வி, சாய்ஸில் தள்ள முடியாது. இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 200-ல் கெமிஸ்ட்ரியின் பங்கு 50. ஒரு மார்க் போனால் தரவரிசையில் எத்தனை பேர் முன்னால் போவார்கள் என்பதைக் கவுன்சலிங்கில் உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்க, கண் கலங்கும்!

ஆகவே, இம்பார்ட்டென்ட் லிஸ்ட் கொடுக்கிற வேலையை கைடுக்கே விட்டுவிடுவோம். நாம ஒரு நூல் கொடுப்போம். எல்லா ரியாக்‌ஷனையும் கோக்கிற நூல். அது இருக்கிற இடம்தான் ஆச்சர்யம்... யாருமே திறக்காத கடைசிப் பாடம்!

பாவப்பட்ட பதினைந்து

ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரி புத்தகத்தில் மொத்தம் 15 பாடம். பதினைந்தாவது, சுற்றுச்சூழல் வேதியியல். நம்ம செமஸ்டரில் அஞ்சாவது யூனிட்டுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் இதற்கும். "நீங்களே படிச்சுக்கோங்க" லிஸ்ட்டில் நிரந்தர உறுப்பினர். சென்ட்ரல் போர்டு பக்கம் நிலைமை இன்னும் மோசம். 2023-ல் வெளிவந்த சுருக்கப்பட்ட என்.சி.இ.ஆர்.டி. ப்ளஸ் ஒன் புத்தகத்தில் இந்தப் பாடத்தையே தூக்கிவிட்டார்கள். கூடவே எஸ் தொகுதித் தனிமங்களுக்கும் டாட்டா.

ப்ளஸ் டூ பரீட்சையில் இந்தப் பாடத்திலிருந்து நேரடிக் கேள்வி வராது. அப்புறம் ஏன் இதில் ஆரம்பிக்கணும்?

காற்று பாடம் பிரித்துக்கொண்டு வேலை செய்வதில்லை. நம்ம தலைக்கு மேலே இருக்கிற காற்றில் நைட்ரஜன் 78 சதவிகிதம், ஆக்சிஜன் 21 சதவிகிதம், ஆர்கான் ஒரு சதவிகிதத்துக்கும் சற்றுக் குறைவு. முதல் ரெண்டு பேரும் ப்ளஸ் டூ பி தொகுதிப் பாடத்தின் ஹீரோக்கள். வண்டிப் புகையில் வருகிற ஹைட்ரோகார்பன் ஆர்கானிக். பழைய ஏசியில் இருந்து கசிந்த வாயு ஹாலோ ஆல்கேன். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு நம்ம ரத்தத்தில் போய் உட்காருவது அணைவுச் சேர்மப் பாடம். இத்தனை பேரும் மேலே ஒரே இடத்தில் சந்தித்து, சூரிய வெளிச்சத்தில் மோதிக்கொள்கிறார்கள். அந்த மோதலைப் பின்தொடர்ந்து போனால் பாதிப் பாடப் புத்தகம் தானாகப் புரளும்.

வாங்க, புரட்டுவோம்.

ஃபேக்டரிக்குள் தயாரிப்பு, வானத்தில் மாசு!

முதலில் இனார்கானிக். நைட்ரஜன் மூலக்கூறில் ரெண்டு அணுக்களும் மூன்று பிணைப்பால் இறுகக் கட்டிப் பிடித்திருக்கின்றன. அதைப் பிரிக்க ஒரு மோலுக்கு சுமார் 945 கிலோ ஜூல் வேண்டும். அதனால்தான் நைட்ரஜனும் ஆக்சிஜனும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தும் சண்டை சச்சரவு இல்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. மின்னல் அடித்தாலோ, கார் இன்ஜினுக்குள் சூடு ஏறினாலோ மட்டும் ரெண்டும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது. அது காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடாகி, கடைசியில் நைட்ரிக் அமிலமாக மழையோடு இறங்குகிறது.

இப்போது ப்ளஸ் டூ புத்தகத்தில் ஆஸ்ட்வால்டு முறையைத் திறக்கச் சொல்லுங்க. அம்மோனியாவை பிளாட்டினம் வலையின் மேல் காற்றோடு அனுப்பினால் நைட்ரிக் ஆக்சைடு. பிறகு நைட்ரஜன் டை ஆக்சைடு. பிறகு தண்ணீர், நைட்ரிக் அமிலம். முதல் படியைத் தவிர மற்றதெல்லாம் மேகத்தில் நடக்கிற அதே கதை!

சல்ஃபருக்கும் இதேதான். நிலக்கரியில் இருக்கிற சல்ஃபர் எரிந்தால் சல்ஃபர் டை ஆக்சைடு. காற்றில் மெதுவாக ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்ஃபர் டிரை ஆக்சைடு. தண்ணீரோடு சேர்ந்தால் சல்ஃபியூரிக் அமிலம். இதையே ஃபேக்டரிக்குள் வனேடியம் பென்டாக்சைடு வைத்து வேகமாகச் செய்தால் அதற்குப் பெயர் தொடு முறை. மேகத்துக்கு வினையூக்கி வாங்கித் தர ஆள் இல்லை. தூசுத் துகளும் நீர்த்துளியும் ஓ.ஹெச். ரேடிக்கலும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் அழுத்திச் சொல்லுங்க. ஃபேக்டரியில் சல்ஃபர் டிரை ஆக்சைடை நேராகத் தண்ணீரில் கரைக்க மாட்டார்கள். கரைத்தால் அமிலப் பனிமூட்டம் கிளம்பும், பிடிக்க முடியாது. அதனால் அடர் சல்ஃபியூரிக் அமிலத்தில் கரைத்து ஓலியம் ஆக்கி, அப்புறம் நீர்க்க வைப்பார்கள். ஃபேக்டரி பயப்படுகிற அந்தப் பனிமூட்டம்தான் வானத்தில் அமில மழை ஆகிறது. 'ஏன் நேரடியாக நீரில் கரைப்பதில்லை?' என்ற கேள்வி வந்தால் உங்க சிஷ்யன் இனி யோசிக்கவே மாட்டான்.

சுத்தமான மழையும் லேசாகப் புளிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அதன் பி.ஹெச். சுமார் 5.6. அதற்குக் கீழே போனால்தான் அமில மழை. அந்தப் பெயரை 1872-ல் எழுதிய புத்தகத்தில் பயன்படுத்தியவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பளிங்குக் கல் கால்சியம் கார்பனேட். அதில் சல்ஃபியூரிக் அமிலம் பட்டால் கால்சியம் சல்ஃபேட்டும் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். தாஜ்மகாலைச் சுற்றியிருந்த தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டுவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம் மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்னதற்குப் பின்னால் இருப்பது இந்த ஒற்றை வரிச் சமன்பாடுதான்.

லீ சாட்லியர் தத்துவமும் இங்கேயே முடிந்துவிடும். மூன்று வினைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்க.

ஒன்று, ஹேபர் முறை. நாலு பங்கு வாயு ரெண்டு பங்காகச் சுருங்கும், வெப்பம் வெளியே வரும். அழுத்தம் கூட்டினால் லாபம், வெப்பநிலை கூட்டினால் நஷ்டம்.

இரண்டு, சல்ஃபர் டிரை ஆக்சைடு தயாரிப்பு. மூணு பங்கு ரெண்டாகும், வெப்பம் வெளியே. அதே லாப நஷ்டக் கணக்கு.

மூன்று, நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு. ரெண்டு பங்கு ரெண்டு பங்காகவே இருக்கும். அழுத்தம் கூட்டியும் சமநிலை நகராது. வெப்பத்தை உறிஞ்சுவதால் சூடு ஏற ஏற அதிகம் உருவாகும். மின்னலும் இன்ஜினும் ஏன் தேவைப்படுகின்றன என்பதற்கு விடை இதுதான்.

ஹேபரைத் தாண்டும்போது அவர் கதையையும் ஒரு நிமிஷம் சொல்லிவிடுங்க, பெயர் மறக்காது. காற்றிலிருந்து அம்மோனியா எடுத்து, உலகத்துக்கே உரம் கிடைக்க வழி செய்தவர். அதற்காக 1918-க்கான நோபல் பரிசு பெற்றவர். அதே மனுஷன்தான் 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியத்தின் ஈப்ரு போர்முனையில் எதிரிகள் மேல் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட வேலைக்கும் முன்னால் நின்றவர். நைட்ரஜன் குடும்பமும் ஹாலஜன் குடும்பமும் ஒரே ஆள் கையில்!

ஆர்கானிக்: ஓசோன் ஓட்டைக்குள் ஒரு சங்கிலி

ஆர்கானிக்கில் பசங்களை அலற வைப்பது மெக்கானிசம். தனி உறுப்பு வினையைச் சொல்லித் தர, மீத்தேனையும் குளோரினையும் வைத்துப் புத்தகம் ஆரம்பிக்கும். தொடக்கம், தொடர்தல், முடிவு என்று மூணு படி. எழுதுவான், மறப்பான்.

இதை ஸ்ட்ராட்டோஸ்பியருக்குத் தூக்கிட்டுப் போங்க.

1928-ல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் ஃப்ரிட்ஜுக்காக ஒரு வாயுவைக் கண்டுபிடித்தார்கள். எரியாது, நாறாது, விஷமில்லை. குளோரோ ஃப்ளோரோ கார்பன். கீழே எதனோடும் சேராத இந்த நல்ல பிள்ளை, சேராத காரணத்தாலேயே அழியாமல் மேலே மேலே போனது. அங்கே புறஊதாக் கதிர் பட்டதும் கார்பன்–குளோரின் பிணைப்பு அறுந்து, தனிக் குளோரின் அணு வெளியே வந்தது. இதுதான் தொடக்கம். கார்பன்–ஃப்ளோரின் பிணைப்பு ஏன் அறுபடவில்லை? அது இன்னும் வலுவானது. (ஒரு மார்க் கேள்வி ரெடி!)

அடுத்து தொடர்தல். குளோரின் அணு ஓசோனிடம் ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு குளோரின் மோனாக்சைடு ஆகும். அது இன்னொரு ஆக்சிஜன் அணுவைச் சந்தித்ததும் ஆக்சிஜன் மூலக்கூறைக் கழற்றிவிட்டு மறுபடி தனிக் குளோரின். ஓசோன் போச்சு, குளோரின் அப்படியே இருக்கு. இப்படி ஒரே ஒரு குளோரின் அணு சுமார் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளைக் காலி பண்ணும் என்பது பாடப் புத்தகக் கணக்கு.

முடிவு? குளோரின் மோனாக்சைடு நைட்ரஜன் டை ஆக்சைடோடு சேர்ந்து குளோரின் நைட்ரேட் ஆகும். அல்லது குளோரின் அணு மீத்தேனிடம் ஹைட்ரஜன் வாங்கிக்கொண்டு ஹைட்ரோ குளோரிக் அமில வாயுவாக அடங்கும். அண்டார்க்டிகாவின் குளிர்கால மேகங்களில் இந்த ரெண்டும் சந்தித்து மறுபடி குளோரின் வாயு ஆகிவிடுகின்றன. வசந்தகாலச் சூரியன் வந்ததும் அது உடைந்து திரும்ப ஆட்டம் தொடங்குகிறது. ஓட்டை ஏன் தென் துருவத்தில், அதுவும் செப்டம்பர் அக்டோபரில் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இப்போது மீத்தேன் – குளோரினேற்றத்தைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்க. வெளிச்சத்தில் பிணைப்பு சமமாக உடைவது, ஒரு ரேடிக்கல் போய் இன்னொரு ரேடிக்கலை உருவாக்குவது, ரெண்டு சேர்ந்து அடங்குவது... எலும்புக்கூடு ஒண்ணுதான். ஒரு வித்தியாசம்: மீத்தேனில் குளோரின் பொருளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஓசோனில் வினையூக்கியாக வெளியே வந்துவிடும்.

இந்த ஆபத்தை 1974-ல் மோலினாவும் ரோலண்டும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 1985-ல் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்ளின் மூவரும் ஓசோன் குறைவதை அளந்தே காட்டினார்கள். 1987 செப்டம்பர் 16-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம். 1995-ல் க்ருட்சன், மோலினா, ரோலண்ட் மூவருக்கும் நோபல். நம்ம பையன் மூணு மார்க்குக்கு எழுதுகிற அந்தச் சங்கிலி வினை, உலக நாடுகளை ஒரே மேஜையில் உட்கார வைத்த வினை என்று தெரிந்தால், பேனா பிடிக்கிற விதமே மாறும்.

ஸ்டிக்கர் படிக்கத் தெரியுமா?

இது ஒரு ஜாலி விளையாட்டு. வீட்டு ஏசியின் வெளி யூனிட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆர்-32, ஆர்-22 என்று ஏதாவது எழுதியிருக்கும். அந்த நம்பரோடு 90-ஐக் கூட்டுங்க.

32 + 90 = 122. முதல் இலக்கம் கார்பன், நடு இலக்கம் ஹைட்ரஜன், கடைசி இலக்கம் ஃப்ளோரின். ஒரு கார்பன், ரெண்டு ஹைட்ரஜன், ரெண்டு ஃப்ளோரின். கார்பனுக்கு நாலு கை, நாலும் நிரம்பிவிட்டது. குளோரின் இல்லை, ஆகவே ஓசோனுக்கு ஆபத்தில்லை. ஆனால் பூமியைச் சூடாக்கும் வாயு. இப்படிப்பட்ட வாயுக்களையும் குறைக்கத்தான் 2016-ல் கிகாலியில் திருத்தம் கொண்டு வந்தார்கள்.

22 + 90 = 112. ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன், ரெண்டு ஃப்ளோரின். ஒரு கை மிச்சம். மிச்சமிருக்கிற கை எப்பவும் குளோரினுக்கு. மாட்டிக்கிச்சா?

காரில் ஆர்-134ஏ. 224 வரும். ரெண்டு கார்பன், ரெண்டு ஹைட்ரஜன், நாலு ஃப்ளோரின். அந்தக் கடைசி 'ஏ' ஐசோமரைக் குறிக்கும். நாலு ஃப்ளோரினை ரெண்டு கார்பனுக்கும் எத்தனை விதமாகப் பங்கு போடலாம் என்று கேளுங்க, ஐசோமெரிசம் ரிவிஷன் ஓசியில் ஆச்சு. ஃப்ரிட்ஜில் ஆர்-600ஏ என்று இருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது. அது ஐசோபியூட்டேன். 'ஐ.யு.பி.ஏ.சி. பெயர் என்ன?' என்று உடனே மடக்குங்க. 2-மெத்தில் புரொப்பேன் என்று வந்தால் ஒரு கடலை மிட்டாய்.

டயரைக் கடித்த ஓசோன்

மேலே இருந்தால் ஓசோன் காவல்காரன், கீழே வந்தால் ரவுடி. 1940-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் கண்ணெரிச்சல், மங்கலான வானம், கூடவே சீக்கிரம் சீக்கிரமாக வெடித்துப் போகிற ரப்பர். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹேகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர், அந்த நகரத்துக் காற்றையும் ஆராய்ந்தார். வண்டிப் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும் வெயிலில் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று கண்டுபிடித்தார். காற்றில் எவ்வளவு ஓசோன் என்று தெரிந்துகொள்ள, வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டு எவ்வளவு வேகமாக வெடிக்கிறது என்று பார்த்தார்கள்.

ரப்பர் ஏன் வெடிக்கணும்? இயற்கை ரப்பர் முழுக்க இரட்டைப் பிணைப்பு. ஆல்கீனின் இரட்டைப் பிணைப்பில் ஓசோன் சேர்ந்தால் ஓசோனைடு, அப்புறம் சங்கிலி அந்த இடத்திலேயே துண்டு. இதுதானே ஓசோனாலிசிஸ்! லேபில் ஜிங்க்கும் தண்ணீரும் சேர்த்து, கிடைக்கிற ஆல்டிஹைடு, கீட்டோனை வைத்து இரட்டைப் பிணைப்பு எங்கே இருந்தது என்று துப்பறிகிறோம். லாஸ் ஏஞ்சலஸில் டயரே துப்புக் கொடுத்தது.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைப்பனி வேறு ரகம். குளிர், நிலக்கரிப் புகை, சல்ஃபர் டை ஆக்சைடு. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். லண்டன் வகை ஒடுக்கும் புகைப்பனி, லாஸ் ஏஞ்சலஸ் வகை ஆக்சிஜனேற்றும் புகைப்பனி. டேபிள் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றில் சல்ஃபர் டை ஆக்சைடு, மற்றதில் ஓசோன். யார் ஆக்சிஜனை வாங்குகிறார், யார் கொடுக்கிறார் என்று யோசித்தாலே போதும்.

நடுவில் வருகிற ஒரு பொருள்

ஹாஃப்மன் புரோமமைடு வினையை எல்லாரும் எழுதுவார்கள். அசிட்டமைடு, புரோமின், காரம். கிடைப்பது மெத்தில் அமீன், ஒரு கார்பன் குறைவு. மெக்கானிசத்தில் நடுவில் ஒரு பொருள் வந்துவிட்டு உடனே போகும். அதன் பெயரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்க.

மெத்தில் ஐசோசயனேட்.

1984 டிசம்பர் 2 இரவு, விடிந்தால் 3. போபாலில் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையின் தொட்டியில் இருந்தது இதே பொருள்தான். டெஸ்ட் டியூபில் கண நேரம் தோன்றி மறைகிற ஒன்றை அங்கே டன் கணக்கில் சேமித்து வைத்திருந்தார்கள். தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. ஐசோசயனேட்டும் தண்ணீரும் சேர்ந்தால் அமீன், கார்பன் டை ஆக்சைடு. ஹாஃப்மன் வினையின் கடைசிப் படி! கூடவே வெப்பம். வெப்பம் ஏற ஏற வேகம், வேகம் ஏற ஏற வாயு, அழுத்தம். சுமார் 40 டன் வெளியேறி ஊர் மேல் இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். லட்சக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள்.

இந்தச் சமன்பாட்டை எழுதும்போது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிடுகிற பையன், போபாலைக் கேட்ட பிறகு விட மாட்டான். தொட்டியை அழுத்தியதில் அந்த வாயுவுக்கும் பங்கு உண்டே.

நம்ம ஊர்ப் பக்கமும் ஓர் இரவு உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, சென்னை எண்ணூரில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத்திணறலோடு மக்கள் வீட்டை விட்டு ஓடி வந்தார்கள், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் ஈரத்துணியால் மூக்கை மூடச் சொல்வது ஏன்? அம்மோனியா தண்ணீரில் அபாரமாகக் கரையும். லேபில் நீரூற்றுச் சோதனை என்று செய்து காட்டுவார்களே, அதே குணம். அது ஹைட்ரஜன் பிணைப்பு பற்றிய ரெண்டு மார்க் மட்டுமல்ல, எண்ணூர்க் குப்பத்துப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயமும்கூட. நேரடிக் கேள்வி வராது என்று இந்தப் பாடத்தை மூடி வைப்பதில் நஷ்டம் மார்க் மட்டும் இல்லை.

போகி காலை: ஒரே கேள்வி, அஞ்சு பாடம்

எல்லாம் முடிந்ததும் ஒரு டெஸ்ட் வையுங்க. கேள்வி இதுதான்: 'போகியன்று விடியற்காலை பழைய டயரும் பி.வி.சி. ஒயரும் எரிக்கிறார்கள். என்னென்ன வரும், ஏன் கலையாது, யாருக்கு ஆபத்து?'

டயர் ரப்பரை இறுக்க சல்ஃபர் சேர்த்து வல்கனைஸ் செய்திருப்பார்கள், ஆகவே சல்ஃபர் டை ஆக்சைடு. பி.வி.சி.யில் குளோரின் உண்டு, ஆகவே ஹைட்ரோ குளோரிக் அமில வாயு. காற்று போதாமல் அரைகுறையாக எரிவதால் கரித்தூள், கார்பன் மோனாக்சைடு, கூடவே பென்சீன் வளையங்கள் ஒட்டிக்கொண்ட புற்றுநோய்ப் பொருட்கள். கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினின் இரும்போடு ஆக்சிஜனைவிடச் சுமார் 200 மடங்கு பிடிப்பாக ஒட்டும், அது அணைவுச் சேர்மம். தை பிறக்கும் முன் தரை குளிர்ந்து, மேலே சற்றுச் சூடான காற்று மூடி போட்டிருக்கும், காற்றும் அசையாது. புகை ஏற வழியில்லை. 2018 போகி காலையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களைத் திருப்பிவிட வேண்டி வந்தது இப்படித்தான்.

அஞ்சு பாடம் ஒரே பக்கத்தில். இதை எழுதிவிட்டான் என்றால் சிஷ்யனை நம்பி அனுப்பலாம்.

பத்து நாள் ப்ளான்

நாள் 1: சுற்றுச்சூழல் பாடத்தைக் கதை மாதிரி ஒரே மூச்சில் வாசிப்பு. எந்தச் சேர்மம் எந்தப் பாடத்துக்குச் சொந்தம் என்று ஓரத்தில் பென்சில் குறிப்பு.

நாள் 2, 3: நைட்ரஜன், சல்ஃபர், ஹாலஜன். ஒவ்வொரு தயாரிப்புக்கும் பக்கத்தில் 'வானத்தில் இது எங்கே?' என்று ஒரு வரி.

நாள் 4: உலோகவியல், டி தொகுதி, அணைவுச் சேர்மங்கள். உண்மையைச் சொல்லணும்... இதில் பெரும்பகுதிக்கு நம்ம காற்று நூல் எட்டாது. பெயரிடுதல், எலக்ட்ரான் அமைப்பு எல்லாம் எழுதி எழுதித்தான் வரும்.

நாள் 5, 6, 7: ஆர்கானிக். ஒரு சார்ட் பேப்பரில் ஆல்கஹால், ஆல்டிஹைடு, அமிலம், அமைடு, அமீன் என்று ஊர்ப் பெயர் மாதிரி எழுதி, நடுவில் ரோடு போடுங்க. ரோடு மேல் வினைபொருள், அதன் கீழ் பெயர். எத்தனாலில் கிளம்பி மெத்தில் அமீனுக்கு எந்தெந்த ஸ்டாப்பிங் என்று கேளுங்க.

நாள் 8: பழைய கேள்வித்தாள் ஒன்று, மூணு மணி நேரம், போன் பீரோவுக்குள்.

நாள் 9: தப்பான இடங்கள் மட்டும்.

நாள் 10: ஃபிசிக்கல் ஃபார்முலா ஒரு பார்வை, சீக்கிரம் தூக்கம்.

விடைத்தாளில் மறக்கக் கூடாதவை மூணு: சமன்பாட்டைச் சமன் செய்தாச்சா? அம்புக்குறி மேல் வினையூக்கி, வெப்பநிலை எழுதியாச்சா? பெயர் வினை என்றால் பெயரை எழுதி அடிக்கோடு போட்டாச்சா?

சொல்லித் தருகிற நமக்கு என்ன லாபம்? முதல் செமஸ்டர் இன்ஜினீயரிங் கெமிஸ்ட்ரியில் அரியர் வைத்திருக்கிற அன்பு நெஞ்சங்களே, தம்பிக்கு நடத்தும்போதே உங்க அரியருக்கும் பாதி ரிவிஷன் முடிஞ்சுடும். வீட்டிலும் 'படிக்கிற பிள்ளை' இமேஜ் எகிறும். டியூஷன் ஃபீஸ் கிடைக்காட்டியும், அந்த வீட்டு ஆன்ட்டி கையால் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி கேரன்டி!